கிரீஸ் படிந்த கை

ஹாட் ராட் என்ற வார்த்தையை நம் வீடுகளில் சொல்லிப் பாருங்கள். இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அதெல்லாம் வெள்ளைக்காரப் பசங்க சமாச்சாரம்." இன்னொன்று, "அது மெக்கானிக் வேலை." முதல் பதில் தவறு, ஏன் என்று கீழே சொல்கிறேன். இரண்டாவது பதில் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதைச் சொல்லும்போது வாய் கொஞ்சம் கோணுகிறது இல்லையா, அந்தக் கோணலோடுதான் எனக்குச் சண்டை.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி விளக்கம். ஒரு பழைய காரின் உடலை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அடியில் வலுவான சேஸிஸ், உள்ளே வேறொரு வண்டியின் பெரிய என்ஜின், வேறொன்றின் கியர்பாக்ஸ், இன்னொன்றின் பிரேக். மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிடலாம், கூரையை நாலு அங்குலம் வெட்டித் தாழ்த்தலாம். வெளியே பார்த்தால் கொள்ளுத்தாத்தா காலத்து வண்டி, மிதித்தால் பறக்கும். பழைய காரை அதன் முதல் நாள் நிலைக்கே கொண்டுவருவது ரெஸ்டோரேஷன். இது அதற்கு நேர் எதிர்.

நானும் என் தம்பியும் ஒரு வருடமாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். 1931 ஃபோர்ட் மாடல் ஏ கூப்பே. தெற்கு ஜெர்சியில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த வெறும் கூடு. என்ஜின் இல்லை, சீட் இல்லை, தரை முழுக்கத் துரு. பிளெய்ன்ஸ்பரோவில் எங்களுடையது அபார்ட்மெண்ட், கராஜ் கிடையாது. பக்கத்து ஊர் கிரான்பரியில் ஒரு பெரியவர் தன் கொட்டகையில் பாதியை எங்களுக்கு விட்டிருக்கிறார். வாடகை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மா செய்யும் தக்காளிச் சோறு. அம்மா சோறு கட்டிக் கொடுப்பார். ஆனால் இதுவரை ஒருநாள்கூட வண்டியை வந்து பார்த்ததில்லை.

"வெள்ளைக்காரப் பசங்க சமாச்சாரம்" என்பதை முதலில் முடித்துவிடுவோம்.

இது ஆரம்பத்தில் காசில்லாதவர்களின் விளையாட்டு. ஹென்றி ஃபோர்ட் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைச் செய்து குவித்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அவை குப்பை விலைக்குக் கிடைத்தன. 1932-ல் அதே ஃபோர்ட் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைசக்தி வி-8 என்ஜினைக் கொடுத்தார். விபத்தில் நொறுங்கிய புது வண்டியின் என்ஜினை எடுத்துப் பழைய எடை குறைந்த உடலில் வைத்தால் என்ன ஆகும் என்று கலிஃபோர்னியாப் பையன்கள் யோசித்தார்கள். ஊருக்கு வெளியே மியூராக், எல் மிராஜ் போன்ற காய்ந்த ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937-ல் அதற்கென்று ஒரு சங்கமே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்தில் என்ஜின் பிரித்துக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் அடியில் தொங்கும் பெட்ரோல் தொட்டியை வாங்கி, அதையே கார் உடலாக்கி 1946-ல் ஓட்டினார். மிச்சம் மீதியை வைத்துக் கட்டுவதுதான் இதன் அடிப்படை. பழைய சோற்றில் நீர் ஊற்றிக் காலையில் சாப்பிட்ட பரம்பரைக்கு இது புரியாதா என்ன!

அந்தப் பையன்களில் எல்லாரும் வெள்ளையர்கள் இல்லை. லாரி ஷினோடா 1930-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். போர்க்காலத்தில் இந்த நாட்டு அரசாங்கம் அவரைச் சிறுவனாக மன்சனார் முகாமில் அடைத்தது. வெளியே வந்து ஹாட் ராட் கட்டினார். 1955-ல் கான்சாஸில் நடந்த முதல் தேசிய டிராக் பந்தயத்தில் தன் பிரிவில் வென்றார். அந்த வண்டிக்கு அவரே வைத்த பெயர் 'சாப்ஸ்டிக்ஸ் ஸ்பெஷல்'. மற்றவர்கள் கேலி செய்வதற்கு முன் தானே வைத்துக்கொண்ட பெயர் என்று நான் அதைப் படிக்கிறேன். பிறகு ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து 1963 கார்வெட் ஸ்டிங் ரே வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றினார். ஃபோர்டுக்குப் போய் பாஸ் 302 மஸ்டாங்கில் கை வைத்தார். இன்னொருவர் பாப் ஹிரோஹாட்டா, அவரும் ஜப்பானிய அமெரிக்கர். அவருடைய 1951 மெர்க்குரியை 1952-ல் வெட்டித் தாழ்த்திக் கொடுத்தவர்கள் பாரிஸ் சகோதரர்கள், கிரேக்கக் குடியேறிகளின் பிள்ளைகள். 'ஹிரோஹாட்டா மெர்க்' என்ற அந்த வண்டி 2022-ல் ஏலத்தில் இருபது லட்சம் டாலரைத் தொட்டது. லோரைடர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், மெக்சிகன் அமெரிக்கர்கள் அதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள்.

அதாவது இந்த நாட்டில் 'நீ எங்கிருந்து வந்தாய்' என்று கேட்கப்பட்ட பிள்ளைகள் பலர் இங்கே தங்களை நிறுத்திக்கொண்ட இடங்களில் கராஜும் ஒன்று. நாம்தான் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. நாம் ஸ்பெல்லிங் பீ பக்கம் போனோம்.

இப்போது இரண்டாவது பதிலுக்கு வருகிறேன்.

என் தம்பிக்கு 17 வயது. மாடல் ஏ-யின் சேஸிஸில் அவன் போட்ட வெல்டிங் கோட்டைப் பார்த்தால், ஒரே அளவில் அடுக்கிய காசுகள் போல இருக்கும். அவன் இப்போது வெல்டிங்கையே தொழிலாகப் படிக்க வேண்டும் என்கிறான். வீட்டில் நான்கு மாதமாக இதுதான் பேச்சு. "பட்டறைக்குப் போறதுக்கா கண்ணு இத்தனை தூரம் வந்தோம்?" என்பது அம்மாவின் ஒற்றைக் கேள்வி.

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எலெக்ட்ரீஷியன், சமையல்காரர், தச்சர், எது சொன்னாலும் வரும் கேள்வி இது. நம் பெற்றோருக்குக் கை வேலை தெரியாது என்று இல்லை. எங்கள் ஊர் கோயம்புத்தூர். பம்புசெட்டும் பவுண்டரியும் லேத்தும் இல்லாமல் அந்த ஊரே இல்லை. ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தைத் தாண்டாமல் மோட்டாரைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டவர், அவர் பெயரில் இன்றும் அவிநாசி சாலையில் அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்கள் ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அங்கே கூட்டிப் போவார்கள். அவர் செய்ததைப் பார்த்து வியக்கலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நாம் செய்யக்கூடாது.

கரிவரதனை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ். கரிவரதன், கோவை நூற்பாலைக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலத்து இந்தியாவில் அம்பாசடரும் ஃபியட்டும் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும்தான் கார். வெளிநாட்டு வண்டி இறக்குமதி கிட்டத்தட்ட நடக்காத காரியம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். அங்கே ஓட வேண்டுமென்றால் இருக்கிற வண்டியை வெட்டி, எடையைக் குறைத்து, என்ஜினைத் தீட்டி நீங்களேதான் ஒன்று கட்ட வேண்டும். அதை 'ஸ்பெஷல்' என்பார்கள். ஹாட் ராட் என்ற பெயர் மட்டும்தான் இல்லை. கரிவரதன் அப்படிக் கட்டிக் கட்டிப் பழகி, 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் 796 சிசி என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். மளிகைக்கடைக்குப் போகிற வண்டியின் என்ஜின்! நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் ஓட்டித்தான் ஆரம்பித்தார். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

எங்கள் மாமாக்கள் கரிவரதன் பெயரைச் சொன்னால் நெஞ்சை நிமிர்த்துவார்கள். நல்லது. ஆனால் மில் முதலாளி வீட்டுப் பிள்ளையின் கையில் கிரீஸ் பட்டால் அது பேரார்வம். பட்டறைப் பையன் கையில் அதே கிரீஸ் பட்டால் அது படிக்காததற்குத் தண்டனை. கிரீஸ் ஒன்றுதானே? கைதான் வேறு. யார் கை எந்த வேலைக்கு என்று நம் ஊரில் பிறப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை விசா ஸ்டாம்போடு இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். ஸ்பேனருக்கு வைப்பதில்லை. நாங்கள் இதை ஆரம்பிக்கும்வரை வீட்டில் ஸ்பேனரே இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் மோல்டர். மணலில் அச்சு எடுத்து, உருகிய இரும்பை ஊற்றுகிற வேலை. அவர் கையில் முழங்கை வரை தழும்பு இருக்கும். "நீங்க பொழுதுபோக்குக்குச் செய்யறீங்க, அவர் சோத்துக்குச் செஞ்சார். ரெண்டும் ஒண்ணில்ல" என்று அம்மா சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. கண்ணாடி, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, விருப்பப்பட்டால் செய்து, களைத்தால் வீட்டுக்குப் போகிற எங்களை அவரோடு ஒப்பிட முடியாது. ஆனால் அவர் உடம்பைக் கெடுத்தது வேலை இல்லை, அந்த வேலையை மதிக்காத முதலாளிகளும் கொடுக்காத பாதுகாப்பும்தான். பாதுகாப்போடும் மரியாதையோடும் சம்பளத்தோடும் அதே வேலையை அவர் பேரன் செய்தால் அது ஏன் இறக்கமாக வேண்டும்? இதை நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, எழுந்தும் போகவில்லை.

தேவை வந்தபோது தமிழ்க் கைகள் என்ன செய்தன என்பதற்கு என் தோழியின் அப்பா சொன்ன யாழ்ப்பாணக் கதையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 1990-க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையில் அங்கே பெட்ரோல் போவது நின்றது. கார்கள் நிற்கவில்லை. ஆஸ்டின் ஏ-40, மொறிஸ் மைனர், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சில சொட்டுப் பெட்ரோலைக் கார்பரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும், பின்னால் ஒரு தெருவே மறைகிற அளவுக்குப் புகை.

இது மந்திரம் இல்லை, என்ஜின் அறிவு. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால் முதலில் சூடு வேண்டும். அதோடு, அழுத்தம் அதிகமானால் அது நேரம் தவறி வெடித்து என்ஜினைத் தட்டும். 1940-50-களின் பிரிட்டிஷ் கார்களில் அழுத்த விகிதம் சுமார் 7-க்கு 1தான். இன்றைய கார்களில் 10-க்கும் மேல். எனவே புதிய ஜப்பான் கார் முடங்கிப்போன இடத்தில் கிழட்டு ஏ-40 ஓடியது. இதைப் புத்தகத்தில் படித்துச் செய்தவர்கள் இல்லை, பட்டறையில் நின்று கண்டுபிடித்தவர்கள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் கல்யாண மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கொண்டுபோனதும் அந்த வண்டிகள்தான். அந்த மெக்கானிக்குகளின் பெயர்கள் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

சரி, எங்கள் வண்டிக்கு வருகிறேன். ஆசைப்படுகிறவர்களுக்குச் சில விஷயங்கள் உதவும்.

மாடல் ஏ-யை ஏன் எடுத்தோம்? ஃபோர்ட் கிட்டத்தட்ட 48 லட்சம் செய்தார், கூடுகள் இன்னும் கிடைக்கின்றன. அசல் என்ஜின் 40 குதிரைசக்திதான். பிரேக் முழுக்கக் கம்பியும் நெம்பும், எண்ணெய் அழுத்தம் கிடையாது. சேஸிஸ் பக்கச் சட்டங்கள் ஆங்கில சி எழுத்து மாதிரி ஒரு பக்கம் திறந்திருக்கும். அதில் 200 குதிரைசக்தி என்ஜினை வைத்தால் துணி பிழிவது போல முறுக்கிவிடும். அதனால் திறந்த பக்கத்தில் இரும்புத் தகட்டை வைத்து வெல்ட் செய்து பெட்டியாக மூட வேண்டும். தம்பியின் காசு அடுக்கிய கோடு அங்கேதான் இருக்கிறது. என்ஜின், ஒரு பழைய பிக்கப் டிரக்கிலிருந்து வந்த ஷெவர்லே 350 வி-8. ஃபோர்ட் உடலில் ஷெவர்லே என்ஜினா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அது மலிவாகக் கிடைக்கிறது, உதிரிபாகம் எந்தக் கடையிலும் உண்டு. மின்சாரம் அசலில் 6 வோல்ட், நாங்கள் 12-க்கு மாற்றி முழு வயரிங்கையும் புதிதாக இழுக்கிறோம்.

ஊரில் டிங்கரிங் என்பார்களே, நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது, அதுதான் இதில் ஆகக் கடினம். சுத்தியலால் வெளியிலிருந்து தட்ட, உள்ளே ஒரு இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிகம் தட்டினால் தகடு விரிந்து அப்பளம் போல எழும்பும். சென்னை புதுப்பேட்டையில் இதைச் சாலை ஓரத்தில் உட்கார்ந்து செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று கடந்து போனேன். இன்று போனால் அரைநாள் பக்கத்தில் உட்காருவேன்.

ஒரு எச்சரிக்கை. மாடல் ஏ-யில் பெட்ரோல் தொட்டி கண்ணாடிக்கு முன்னால், உடலோடு சேர்ந்தே இருக்கிறது. காலியாக இருக்கிறதே என்று அதன் பக்கத்தில் வெல்டிங்கைப் பற்றவைக்காதீர்கள். காலித் தொட்டியில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், கீழே ஸ்டாண்டு வையுங்கள். கூட ஒருவர் இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

இன்னொன்றில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முழுசாக இருக்கும் பழைய காரை வெட்டக்கூடாது. அதை அப்படியே காப்பாற்றுகிறவர்களிடம் விட்டுவிடுங்கள். எல்லாரும் கைவிட்ட கூடுதான் நமக்கு. நல்ல வீணையை உடைத்து விறகாக்குகிற வேலை வேண்டாம்.

சட்டமும் பாருங்கள். இந்தியாவில் இதைச் செய்து சாலையில் ஓட்டுவது இன்று மிகவும் சிரமம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி, தயாரிப்பாளர் தந்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. பாதுகாப்புக்கு அது தேவைப்படலாம். ஆனால் சோழவரம் மாதிரி ஒரு தலைமுறை இனி அங்கே வளர்வது கடினம் என்றுதான் நினைக்கிறேன். நியூ ஜெர்சியில் 1949-க்கு முந்தைய, மாற்றியமைத்த வண்டிகளுக்கு ஸ்ட்ரீட் ராட் என்று தனி நம்பர் பிளேட்டே இருக்கிறது. கூட்டை வாங்கும் முன் டைட்டில் காகிதம் இருக்கிறதா, அதிலுள்ள எண்ணும் சேஸிஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். காகிதம் இல்லாத கூட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இங்கிருந்து அரை மணி நேரத்தில் இங்கிலிஷ்டவுன் ரேஸ்வே பார்க். 1965-லிருந்து டிராக் பந்தயம் நடந்த இடம், 2018-ல் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய உதிரிபாகச் சந்தை இன்னும் நடக்கிறது. போன தடவை நானும் தம்பியும் போயிருந்தோம். 1940-களின் ஃபோர்ட் ஹைட்ராலிக் பிரேக் டிரம் ஒரு ஜோடி தேடினோம், மாடல் ஏ-யின் முன் அச்சில் கொஞ்சம் வேலை செய்தால் பொருந்தும். விற்றவர் சொன்ன விலையை தம்பி பாதியாக்கிக் கேட்டான், உழவர் சந்தையில் அம்மா கத்தரிக்காய்க்குக் கேட்கிற அதே தொனியில். முக்கால் விலைக்கு முடிந்தது.

அந்த டிரம்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பால்கனியில் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறோம். துரு எடுக்க வேண்டும். நேற்று மாலை அம்மா துணி காயப்போட வந்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இது வார்ப்பிரும்பு. அப்புச்சி ஊத்தறது இதைத்தான்" என்றார். பிறகு அது காய்கிற துணியில் பட்டுவிடும், தள்ளி வை என்றார்.